மாங்காட்டு வட்டார வரலாற்றில் நம் முன்னோர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு மாங்காட்டின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, எங்கிருந்து தொடங்குவது என்னும் தயக்கம் எனக்கு ஏற்பட்டது. ஊர்ப்பெருமையை எழுதுவது எளிது. அன்னை காமாட்சி ஐந்து தீயின் நடுவே நின்று தவமியற்றிய தலம் இது என்றும், ஆதிசங்கரர் எண்வகை மூலிகைகளால் ஆன அர்த்தமேருவை இங்கே நிறுவினார் என்றும் தலவரலாறு கூறும். வெள்ளீசுவரர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் உடன் விளங்குகின்றன. இவற்றை விரித்துரைக்கும் சிறு நூல்களில் தேவர்கள் வருகிறார்கள், முனிவர்கள் வருகிறார்கள், மன்னர்களும் வள்ளல்களும் வருகிறார்கள். ஏரி மதகைத் திறந்தவனும், எல்லைக்கல்லைக் காத்தவனும், சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை முழக்கியவனும், முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவளும் அவற்றில் வரக் காணோம்.

ஆயினும் நம் வீடுகளில் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் மடித்து மடித்துக் கிழிந்த பழைய பட்டா ஒன்று. பட்டாளத்திலிருந்து பாட்டனார் விடுபட்டு வந்தபோது கொடுத்த சான்று ஒன்று. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அத்தையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். இரங்கூனிலிருந்தோ கோலாரிலிருந்தோ வந்த ஓர் அஞ்சலட்டை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இவற்றைக் குப்பையென்று கருதி எரித்துவிடுகிறோம். இந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் நாட்டு வரலாற்றின் பெரிய ஏடு ஒன்றோடு தைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். பண்டைத் தொண்டைமண்டலம் இருபத்துநான்கு கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தில் குன்றத்தூர் நாடு, போரூர் நாடு என்பவற்றோடு மாங்காடு நாடும் ஓர் உட்பிரிவாக எண்ணப்பட்டது. மாமரங்கள் அடர்ந்த காடாதலின் மாங்காடு என்பர். இன்று இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர் வட்டத்தில் ஒரு நகராட்சியாக விளங்குகின்றது. மாந்தோப்பைத் தேடினால் வீட்டுமனைப் பலகைகள்தாம் கண்ணில் படும்.

மாமரம் என்றதும் என் நினைவுக்கு வருவது ஒன்று உண்டு. நடந்தே போய்வரக்கூடிய தொலைவிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார் பெருமான். சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியவர். அந்நூலில் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தவர், அரண்மனையைப் பாடும் புலவர்கள் எட்டிப் பார்க்காத ஓரிடத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். ஆதனூரின் புலைப்பாடி அது. கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி, தோல்வார் கிடக்கும் முற்றம், கூரிய நகமுடைய கோழிக்குஞ்சுக் கூட்டம், இரும்புக் காப்பணிந்த கரிய சிறுவர்கள் கவர்ந்தோடும் நாய்க்குட்டிகள், மருத நிழலில் தோலின்மேல் குழந்தையை உறங்க வைக்கும் உழத்தி ஆகிய அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். அவ்வரிசையில் வாரால் இறுக்கிய பறை தொங்கும் மாமரமும் ஒன்று.

பாடப்பட்டது ஆதனூர். ஆயினும் குன்றத்தூர்ச் சேரியைச் சிறுவயதில் கண்ட கண்ணால்தான் அவர் அதைப் பாடியிருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. இதற்குச் சான்று காட்ட இயலாது. அமைச்சர் ஒருவர் கேள்வியால் மட்டும் இவ்வளவு நுணுக்கம் எழுதிவிட முடியுமா என்னும் ஐயமே எனக்குள்ள சான்று.

அதே பகுதியில் சேக்கிழார் போகிற போக்கில் கூறும் செய்தி மிகவும் இன்றியமையாதது. நந்தனார் தம் உணவுக்கு நம்பியிருந்தது, பறைத்தொழிலுக்காக ஊரார் விட்ட நிலத்தை. பறைத் துடவை என்பது அதன் பெயர். கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து அவர் தொண்டு செய்தார். தோல் உள்ளே சென்றது. தோலைக் கொடுத்தவர் வாயிலில் நின்றார். பிற்காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், கொடுமைக்கார வேதியர் ஒருவரின் பண்ணையாளாக நந்தனார் மாறிவிடுகிறார். சேக்கிழாரிடம் அந்தப் பண்ணையார் இல்லை. நிலத்துக்கு உரிமையுடைய ஊர்த்தொழிலாளராய்ப் பெரியபுராணத்தில் காணப்பட்டவர், ஏழு நூற்றாண்டுகள் கடந்து நிலமற்ற அடிமையாக மேடையேறினார். இரண்டு கதைகளுக்கும் இடையே நம் முன்னோர்க்கு நேர்ந்தது என்ன என்பதை ஆராய்வோர் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம்.

மேற்கே திருமழிசை. அவ்வூரில் தோன்றிய திருமழிசையாழ்வாரை எடுத்து வளர்த்தவர்கள், பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளனும் அவர் மனைவி பங்கயச்செல்வியும் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. வடக்கே பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். வேதியரல்லாத அவரை இராமாநுசர் குருவாக மதித்தார். நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் பக்தி வரலாறு இத்தகையதாக இருந்தும், சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குப் பொதுவான சட்டம் 1947-ஆம் ஆண்டில்தான் வந்தது.

இனி ஊர் நிருவாகத்துக்கு வருவோம். 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் அந்தச் சாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். கணக்கர்கள் ஓலையில் எழுதிய மூலங்களும் உண்டு. ஊரில் எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி என்பவற்றோடு, களத்தில் நெல் அளக்குமுன் யார் யார்க்கு எவ்வளவு மேரை ஒதுக்கப்பட்டது, யார்க்கு மானியம் விடப்பட்டது என்பனவும் அவற்றில் உள்ளன. கோயிலுக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் பங்கு உண்டு. தலையாரிக்கும் வெட்டியானுக்கும் பங்கு உண்டு. சேக்கிழார் பாடிய துடவையின் நிழல் பதினெட்டாம் நூற்றாண்டின் கணக்கோலையிலும் விழுந்திருப்பதைக் காண்கிறோம்.

வெட்டியான் என்னும் சொல்லைக் கேட்டால் நம் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுடுகாட்டு வேலை என்பதோடு அவர்கள் அதை நிறுத்திக்கொள்கிறார்கள். ஏரி நீரைப் பாத்திவாரியாகப் பங்கிட்டவர்கள், வரித்தண்டலுக்கு ஊராரைக் கூட்டியவர்கள், கச்சேரிக்குப் பணம் சுமந்தவர்கள், பயிர்க்காவல் இருந்தவர்கள் நம் முன்னோர். எல்லாவற்றிலும் வியப்புக்குரியது எல்லைவழக்கு. இரண்டு ஊர்களுக்கோ இரண்டு நிலங்களுக்கோ எல்லைத் தகராறு எழுந்தால், முதிய பறையர் ஒருவரை அழைத்துத் தலையில் நீர்க்குடத்தை வைத்து நடக்கச் சொல்வது பழைய வழக்கம். அவர் நடந்த தடமே எல்லை என இரு திறத்தாரும் ஏற்பர். எட்கர் தர்சுடன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் இத்தகைய வழக்கங்கள் பதிவாகியுள்ளன. சென்னைக் கறுப்பர் நகரத்தில் ஏகாத்தாள் திருவிழாவில் அம்மனுக்குத் தாலி கட்டும் உரிமை பறையர் ஒருவர்க்கு இருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். ஊரின் ஒவ்வொரு வரப்பையும் இருளில்கூட அறிந்த அந்த மனிதர்க்குச் சொந்தமாக ஒரு வரப்பு இருந்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லத் தோன்றுகின்றது. இத்தகைய வழக்கங்களைக் கொண்டு நாம் முன்னொரு காலத்தில் அரசாண்டோம் என்று மேடையில் முழங்குவோர் உள்ளனர். நம்பத்தகுந்த சான்று கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. குடம் சுமந்து நடந்தவர் ஊரின் நினைவாக விளங்கினார் என்ற அளவே உண்மை. அதுவே போதிய பெருமையும் ஆகும்.

செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியும் ஒரு சொல். அடையாற்றுக்குத் தாயான அவ்வேரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று இன்று செய்தித்தாள்களில் மழைக்காலந்தோறும் படிக்கிறோம். அதன் கரையை ஆண்டுதோறும் மண்கொட்டி உயர்த்திய கூடைகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. இவ்வட்டாரத்து முதியவர்களைக் கேட்டால், எந்த மதகு எந்த ஊர்க்கழனிக்குப் பாய்ந்தது, எந்த ஆண்டில் கரை கசிந்தது என்பதைக் கைவிரல்விட்டுச் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது ஒரு சமையற்காரரின் கதை. எல்லிசு என்னும் ஆங்கிலேயர் 1810 முதல் 1819 வரை சென்னையின் ஆட்சித்தலைவராக இருந்தார். திருக்குறளுக்கு உரை எழுதியவர், திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு வெளியிட்டவர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது. தொண்டைமண்டலத்து மிராசு உரிமையைப் பற்றி விரிவாக எழுதியவரும் அவரே. அவர் கைக்குத் திருக்குறள் ஓலைச்சுவடி எவ்வாறு வந்தது? தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் துரையிடம் பட்லராக வேலை பார்த்தவர் என்றும், அவரே தம் வீட்டில் இருந்த குறள், நாலடி நானூறு ஆகிய சுவடிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்றும் அயோத்திதாச பண்டிதர் எழுதியிருக்கிறார். பண்டிதர் 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்தவர். 1907-இல் "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வார இதழைத் தொடங்கி நடத்தியவர். ஒரு பட்லரின் வீட்டில் ஓலைச்சுவடி இருந்தது என்பதை எழுத அவர் மூன்றாம் தலைமுறையில் பிறந்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பேரர் எழுதாமல் விட்டிருந்தால், எல்லிசின் பெயர் மட்டும் நின்று கந்தப்பனின் பெயர் மறைந்திருக்கும்.

நம் வீடுகளின் பரண்மேலுள்ள பெட்டியில் மிக முதன்மையான தாள் எது என்று கேட்டால், பட்டா என்பேன். அதன் பின்னணியை இளைஞர்கள் முழுமையாக அறிதல் வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் பறையர். அடிமை முறையைச் சட்டம் 1843-இலேயே ஏற்க மறுத்தது. ஆயினும் ஏட்டில் ஒழிந்த அடிமைத்தனம் களத்தில் படியாள் என்னும் பெயரில் தொடர்ந்தது. திருமணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க் கடனுக்காகத் தந்தை தன் உழைப்பை எழுதிக்கொடுப்பார். அவர்க்குப்பின் மகன் அக்கடனைச் சுமப்பான். சேரி நின்ற நத்தமும் தமதே என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினர். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிட முடிந்தது. தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போடலாம் என்று விதி இருந்தது. போட்டால், அவ்வூர் மிராசுதாரர்க்கே முன்னுரிமை என்று இன்னொரு விதி அதைத் தடுத்தது.

1880-களின் இறுதியில் இந்நிலையைக் கிறித்தவத் தொண்டர்கள் சிலர் வெளிப்படுத்தினர். செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூரில் பணியாற்றிய வில்லியம் கௌடியும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். அக்காலத்தில் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சித்தலைவராக இருந்த திரெமென்கீர், 1891-ஆம் ஆண்டில் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய ஓர் அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். அலுவலக நடையில் எழுதப்பட்ட அறிக்கைதான். ஆனாலும் அதில் இருப்பவர்கள் நம் முப்பாட்டன்மார். கடன்முறிகளையும், வெளியேற்றும் மிரட்டல்களையும், நிலம் கேட்டவர் பட்ட பாட்டையும் அவர் எடுத்துக்காட்டினார். குடியிருப்பு மனைக்குப் பாதுகாப்பும், பயிரிடத் தரிசு நிலமும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வேண்டும் என்று எழுதினார். வருவாய் வாரியத்தார் இதை எளிதில் ஏற்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பது அவர்கள் வாதம். முடிவில் 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. அவர் கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது.

பஞ்சமி நிலம் என்று நாம் கூறுவது அவ்வழியில் வந்தது. பஞ்சமர்க்கு ஒதுக்கியது ஆதலின் அப்பெயர். வருவாய்த்துறையினர் டி.சி. நிலம் என்றும், நிபந்தனைப் பட்டா என்றும் வழங்குவர். நிலத்தைப் பெற்றவர் பத்தாண்டுகளுக்கு விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது. அதன்பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கே கொடுக்கலாம் என்பன அதன் நிபந்தனைகள். கொடுத்தவர்களின் நோக்கம் நன்று. ஆயினும் நிலம் கொடுத்தவர்கள் ஏர்மாடும் கிணறும் கொடுக்கவில்லை. வறட்சி ஆண்டில் கைரேகை வைத்துக் கொடுத்த தாளால் பல நிலங்கள் கைமாறின. அந்நிபந்தனை இருப்பதையே அறியாமல் விட்டவர்கள் பலர். அறிந்தும் கச்சேரி வாசலில் நிற்கத் துணிவில்லாமல் விட்டவர்கள் அதனினும் பலர். 1979-இல் தொடங்கிய நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது சர்வே எண்கள் மாறியதில் பழைய நிபந்தனைக் குறிப்புகள் மறைந்துபோயின என நில உரிமைக்காகப் போராடுவோர் கூறிவருகின்றனர்.

1994-ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் எழுந்தது. துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசு, ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிர்நீத்தனர். திரெமென்கீர் தம் அறிக்கையை எழுதி நூற்றுமூன்று ஆண்டுகள் கடந்த பின்பும் அதே மாவட்டத்தில் அதே நிலத்துக்காக உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் ஏக்கர் சில நூறு ரூபாய்க்குப் போன இவ்வட்டார நிலம் இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகின்றது. ஆகவே, பெட்டியில் உள்ள அந்தப் பழைய தாளை எரிப்பவர் எதை எரிக்கிறோம் என்பதை அறிந்து எரிக்கட்டும்.

நிலம் கிடைக்காதவர்கள் புறப்பட்டார்கள். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. பிழைத்தவர்கள் நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். வேறு சிலர் கோலார்ச் சுரங்கத்தில் பூமிக்கடியில் இறங்கினர். அக்கோலார்தான் பின்னர் நம் விழிப்புணர்ச்சிக்கு ஒரு நாற்றங்கால் ஆயிற்று. பண்டிதரின் பௌத்த இயக்கம் அங்கு வேரூன்றியது. நம் பக்கத்தில் பூந்தமல்லியிலும் பரங்கிமலையிலும் வெள்ளையர் பட்டாளக் குடியிருப்புகள் இருந்தன. குதிரை மேய்த்தும், சமைத்தும், துணி தைத்தும், படையில் சேர்ந்தும் பிழைத்த குடும்பங்கள் பண்ணைக்கு வெளியே முதன்முதலாக மாதச் சம்பளம் என்பதைக் கண்டன. சம்பளம் கண்ட வீட்டில் முதலில் வந்தது சட்டை. அடுத்து வந்தது சிலேட்டு.

சிலேட்டின் வரலாற்றில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் முன்நிற்கிறார். இரட்டைமலை சீனிவாசன் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரினர். 1939-இல் வெளியிட்ட "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்னும் தம் வரலாற்றில் அவர் கோயம்புத்தூரில் படித்த நாள்களைக் கூறுகிறார். ஏறத்தாழ நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். தம் சாதியை அறிந்துவிடுவார்களோ என்னும் அச்சத்தால் அவர் யாரோடும் சேர்ந்து விளையாடாமல், பள்ளிக்கு வெளியே படித்துக்கொண்டிருந்துவிட்டு மணியடித்த பின்பே உள்ளே போவாராம். 1893-இல் "பறையன்" என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கிய மனிதரின் பிள்ளைப்பருவம் இது. ஒளிந்து நின்ற சொல்லைத் தலைப்பாக அச்சிட்டுக் கடையில் தொங்கவிட்டார்.

அதே 1893-இல், ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் ஆதிக்க வகுப்பாரே அதிகாரிகளாக வருவர் என்று அஞ்சி, அதை எதிர்த்து அவர் பிரிட்டிசுப் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். 112 அடி நீளமுள்ள அதில் 3,412 பேர் கையொப்பமிட்டிருந்தனர். அக்கோரிக்கை சரியா என்று இன்று வாதிடலாம். என் எண்ணம் கையொப்பமிட்டவர்களைப் பற்றியே செல்கின்றது. எழுத்தறிந்தோர் அரிதாயிருந்த காலத்தில் ஒவ்வொருவரிடமும் அத்தாளைக் கொண்டுபோய், விளக்கம் சொல்லி, அச்சம் தெளிவித்து வாங்கியிருக்க வேண்டும். அவர்களுள் சிலர் இவ்வட்டாரத்து வீடுகளின் முன்னோராகவும் இருக்கக்கூடும்.

பள்ளிகள் மெல்ல வந்தன. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பக்கத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அவை ஐந்தாயின. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. இராசா சட்டமன்றம் புகுந்து கல்விக்காகவும் பொதுக்கிணறு, பொதுவழி உரிமைக்காகவும் வாதாடினார். 1922-இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் லேபர் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஊர்ப்பள்ளியில் திண்ணைக்கு வெளியே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு லேபர் பள்ளியின் ஓட்டைக் கூரை அரண்மனையாக இருந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

விடுதலைக்குப்பின் வடக்கே ஆலைகள் எழுந்தன. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை. 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை. அதன்பின் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. விடியலில் சோற்றுத்தூக்கோடு மிதிவண்டியேறி ஆவடிக்குச் சென்ற நம் இளைஞர்களால் சேரிக் கூரைகள் ஓடாயின. இவ்வரலாறு இன்னும் நினைவில் பசுமையாக இருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

பறையைப் பற்றி மட்டும் ஒன்று கூறியாக வேண்டும். சாவுக்குப் பறையடிப்பதையும் செத்த மாட்டை இழுப்பதையும் விட்டொழிக்க வேண்டும் என்று எல். இளையபெருமாள் போன்றோர் இயக்கம் நடத்தினர். பல ஊர்களில் அடியுதை பட்டு நம் மக்கள் அதை விட்டனர். இன்று அதே பறையை நம் பிள்ளைகளும் பிற வகுப்புப் பிள்ளைகளும் கலையாகக் கற்று மேடையேறுகிறார்கள். இவ்விரண்டையும் முரண் என்று கருதி நம் மன்றங்களில் பூசல் நிகழ்வதைக் காண்கிறேன். கட்டாயத்தால் அடித்த கை அதை மறுத்தது. விருப்பத்தால் எடுத்த கை அதை முழக்குகின்றது. எனினும், மறுத்த தலைமுறையின் வீட்டு வாசலில் சென்று முழக்குமுன், அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று ஒரு நாழிகை உட்கார்ந்து கேட்பது நம் இளைஞர்க்கு அழகு.

கேட்டதை எழுதுவதற்கு ஒரு முறை வேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய வருவாய் அரசாணைகள் காக்கப்படுகின்றன. அங்கே போவதற்குமுன் நம் வீட்டுத் தாள்களை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். சங்கத்தின் படிப்பகத்தில் இதற்கென ஒரு பதிவேடு வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். பாட்டி சொன்ன செய்தியாயின், யார் சொன்னது, எந்த நாளில் கேட்டது என்று குறிக்க வேண்டும். பட்டாவாயின், மூலத்தை வீட்டிலேயே பத்திரப்படுத்திவிட்டுப் படியை மட்டும் கொண்டுவர வேண்டும். நிலத்தின் நான்கெல்லை, பட்டா எண், வழங்கிய ஆண்டு ஆகியவற்றோடு பழைய சர்வே எண்ணையும் புதிய சர்வே எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். நான்கெல்லையைச் சரிபார்க்கத் தாளோடு ஒரு முதியவரையும் அழைத்துக்கொண்டு, வீடுகள் முளைத்த அந்த நிலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள்.